மின்னணு சிகரெட் நீர்மத்தை வீட்டில் கலத்தல்

மின்னணு சிகரெட் நீர்மத்தை வீட்டில் கலத்தல் என்பது, மின்னணு சிகரெட்டுகளில் ஆவியாக்கப்படும் நீர்மத்தைக் கடையில் ஆயத்த நிலையில் வாங்காமல், அதன் கூறுகளைத் தனித்தனியே வாங்கி, பயன்படுத்துவோர் தாமே அளந்து கலந்துகொள்ளும் முறையாகும். ஐக்கிய இராச்சியம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாடுகள், ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றில், புகைப்பதைக் கைவிட்டு மின்னணு சிகரெட்டுக்கு மாறியவர்களிடையே இப்பழக்கம் காணப்படுகிறது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னணு சிகரெட்டுகள் தடை செய்யப்பட்டுள்ளன.

வேதியியல் நோக்கில் இது ஓர் எளிய நீர்த்தல் மட்டுமே ஆகும். இதற்குச் சூடேற்றல் தேவையில்லை. வேதிவினை எதையும் நிகழ்த்த வேண்டியதுமில்லை. எனினும் கலக்கப்படும் பொருட்களுள் ஒன்றான நிக்கோட்டீன் தோலின் வழியாகவும் உடலுக்குள் புகக்கூடிய நச்சு ஆகும். மற்றொன்றான மணச்சுவைப் பொருள், பெரும்பாலும் உணவுக்கென உருவாக்கப்பட்டதே அன்றி நுரையீரலுக்கென உருவாக்கப்பட்டதன்று. எனவே இம்முறையின் கடினம் கலப்பதில் இல்லை. சரியாக அளப்பதிலும், எதைக் கலக்கக்கூடாது என்று அறிவதிலும் உள்ளது.

இக்கட்டுரையில் விளக்கப்படும் நடைமுறை பெரும்பாலும் ஐக்கிய இராச்சியத்தில் வழங்குவதை ஒட்டியது.

## வரலாறு

புகையிலையை எரிக்காமல் ஆவியை உள்ளிழுக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கரான எர்பர்ட் கில்பர்ட் 1963 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது சந்தையில் நிலைபெறவில்லை. இன்றைய மின்னணு சிகரெட்டை 2003 இல் உருவாக்கியவராகச் சீன மருந்தாளுநர் ஓன் லிக் அறியப்படுகிறார். 2006-2007 காலப்பகுதியில் இக்கருவி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது.

தொடக்ககாலக் கருவிகளில் நீர்மம் நிரப்பி மூடப்பட்ட சிறு குப்பிகள் பயன்பட்டன. பின்னர், பயன்படுத்துவோரே நீர்மத்தை ஊற்றிக்கொள்ளத்தக்க கலன்கள் வந்தபின் நீர்மம் தனிப்பொருளாக விற்கப்படலாயிற்று. 2009 சூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தான் ஆய்ந்த குப்பிகளுள் ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் இருந்ததாக அறிவித்தது. தாம் உள்ளிழுக்கும் நீர்மத்தில் என்ன உள்ளது என்று அறியும் விருப்பம், செலவைக் குறைக்கும் நோக்கம், நிக்கோட்டீன் அளவைப் படிப்படியாகத் தாமே குறைத்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை வீட்டில் கலப்பதற்கான முதன்மைக் காரணங்கள் ஆகும்.

2014 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் புகையிலைப் பொருட்கள் நெறிமுறை, 2016 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி விற்பனைக்கு வரும் நீர்மத்தில் நிக்கோட்டீன் ஒரு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது; மறுநிரப்புக் குப்பி 10 மில்லிலீட்டருக்கு மேற்படலாகாது; கருவியின் கலன் 2 மில்லிலீட்டருக்கு மேற்படலாகாது. இவ்வரம்புகள் நிக்கோட்டீன் கலந்த நீர்மத்துக்கே பொருந்தும். ஆகையால் ஐக்கிய இராச்சியத்து விற்பனையாளர்கள் நிக்கோட்டீன் இல்லாத மணச்சுவை நீர்மத்தைப் பெரிய குப்பிகளில் சற்றுக் குறைவாக நிரப்பி விற்கத் தொடங்கினர். வாங்குபவர் அதில் 10 மி.லி. நிக்கோட்டீன் குப்பி ஒன்றை ஊற்றிக் குலுக்கிக்கொள்வார். இவ்வாறு, சட்டம் விதித்த வரம்பே பலரையும் வீட்டில் கலப்பவர்களாக மாற்றியது எனலாம்.

## கலக்கப்படும் பொருட்கள்

### புரோப்பிலீன் கிளைக்கால்

இது நிறமற்ற, ஏறத்தாழ மணமற்ற நீர்மம். கொதிநிலை 188 பாகை செல்சியசு. அடர்த்தி மில்லிலீட்டருக்கு 1.036 கிராம். உணவுச் சேர்க்கையாக இதன் ஐரோப்பியக் குறியெண் 1520 ஆகும். மணச்சுவைப் பொருட்களை நன்கு கரைக்கும். இதன் ஆவி, புகைப்போர் எதிர்பார்க்கும் தொண்டை உறுத்தலைத் தருகிறது. சிலருக்கு இது ஒவ்வாமை உண்டாக்கும்.

### கிளிசரால்

கிளிசரின் என்றும் அழைக்கப்படும். மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பது; இனிப்புச் சுவையுடையது; மிகவும் பிசுபிசுப்பானது. கொதிநிலை 290 பாகை செல்சியசு. அடர்த்தி மில்லிலீட்டருக்கு 1.261 கிராம். பெரும்பாலும் தாவர எண்ணெய்களிலிருந்து பெறப்படுகிறது. ஆனால் கிளிசரால் எண்ணெய் அன்று, நீரில் முழுதும் கரையும் ஆல்ககால் ஆகும். அடர்த்தியான வெண்படலத்தைத் தருவது இதுவே.

இவ்விரண்டும் சேர்ந்தே நீர்மத்தின் பெரும்பகுதியாகின்றன. ஆற்றல் குறைந்த சிறு கருவிகளில் கிளிசரால் மிகுந்த நீர்மம் திரியில் விரைவாக ஏறாது. திரி காய்ந்து கருகும். ஆகவே அவற்றுக்குச் சம விகிதமும் (50:50), ஆற்றல் மிகுந்த கருவிகளுக்கு 70% கிளிசரால், 30% புரோப்பிலீன் கிளைக்கால் என்ற விகிதமும் வழக்கமாக உள்ளன.

இரண்டையும் மருந்துத் தரத்தில் (பார்மகோபியா தரம்) மட்டுமே வாங்க வேண்டும். தொழிற்சாலைத் தரப் பொருட்களில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. தோற்றத்தில் ஒத்த இந்நச்சு சிறுநீரகத்தைப் பழுதாக்குவது. 2025 இல் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட இருமல் மருந்தொன்றில் இந்நச்சு கலந்திருந்ததும், மத்தியப் பிரதேசத்தில் அதை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும் இதன் கொடுமைக்குச் சான்றாகும். இக்கலப்பைக் கண்ணாலோ முகர்ந்தோ வீட்டில் கண்டறிய இயலாது.

### நிக்கோட்டீன்

புகையிலைச் செடியிலுள்ள கார இயல்புடைய சேர்மம். செருமனியின் ஐடெல்பெர்க்கு நகரில் 1828 இல் பொசெல்ட்டு, ரைமன் ஆகியோர் இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். பூச்சிகளைக் கொல்லும் இயல்புடையது. தமிழ்நாட்டு உழவர்கள் புகையிலைக் கரைசலைப் பயிர்களுக்குத் தெளிப்பதும் இப்பண்பை ஒட்டியதே.

வீட்டில் கலப்போர் தூய நிக்கோட்டீனைக் கையாளுவதில்லை, கையாளவும் கூடாது. ஏற்கெனவே புரோப்பிலீன் கிளைக்காலிலோ கிளிசராலிலோ கரைக்கப்பட்ட நிக்கோட்டீன் விற்கப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் இது வழக்கமாக மில்லிலீட்டருக்கு 18 மி.கி. செறிவில் 10 மி.லி. குப்பிகளாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் மில்லிலீட்டருக்கு 100 மி.கி. செறிவுள்ள கரைசலும் விற்கப்படுவதுண்டு.

நிக்கோட்டீன் இரு வடிவங்களில் வருகிறது. தனிக்கார வடிவம் தொண்டையை உறுத்தும். பென்சாயிக் அமிலம் போன்றவற்றுடன் சேர்ந்த உப்பு வடிவம் உறுத்தல் குறைந்தது. எனவே மிகுந்த அளவையும் உணராமல் உள்ளிழுக்க இடமளிக்கிறது. உறுத்தல் என்பது ஒருவகை எச்சரிக்கை என்பதால், உப்பு வடிவத்தைப் பயன்படுத்துவோர் கணக்கையே முற்றிலும் நம்ப வேண்டியுள்ளது.

### மணச்சுவைப் பொருட்கள்

இவை பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலில் கரைந்த செறிவுகளாக விற்கப்படுகின்றன. தனிச் சுவைகள் (எலுமிச்சை, வனிலா, புதினா போன்றவை) மொத்த நீர்மத்தில் சில விழுக்காடு அளவிலும், பல சுவைகளை முன்பே சேர்த்த ஆயத்தச் செறிவுகள் 10 முதல் 20 விழுக்காடு அளவிலும் சேர்க்கப்படுகின்றன. சரியான அளவை விற்பனையாளர் குறிப்பிட்டிருப்பார். புதிதாகத் தொடங்குவோர் ஆயத்தச் செறிவு ஒன்றைக் கொண்டு தொடங்குவதே வழக்கம்.

பின்வருவனவற்றை எக்காரணம் கொண்டும் கலத்தல் கூடாது:

* எண்ணெய்கள். சமையல் எண்ணெய், நறுமண எண்ணெய், தைலம், எண்ணெயில் கரைந்த உயிர்ச்சத்துகள் ஆகியவை. நுரையீரலில் சேரும் எண்ணெய் கொழுப்புவகை நுரையீரல் அழற்சியை உண்டாக்கும்.
* சமையல் எசன்சுகள். கேக்கு, பாயசம் ஆகியவற்றுக்கான எசன்சுகளில் எண்ணெய், சர்க்கரை, நிறமி ஆகியவை இருக்கலாம்.
* சர்க்கரை, தேன், பழச்சாறு. இவை கம்பிச்சுருளில் கருகித் தீங்கான ஆல்டிகைடுகளைத் தருகின்றன.
* டைஅசிட்டைல், அசிட்டைல் புரோப்பியோனைல் அடங்கிய வெண்ணெய்ச் சுவைகள். இவை பற்றிக் கீழே காண்க.

## தேவையான கருவிகள்

* 0.01 கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசு. அல்லது அளவுக் கோடுகள் உள்ள, முனை மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சுகள்
* குழந்தைகள் திறக்க இயலாத மூடி கொண்ட குப்பிகள்
* நைட்ரைல் கையுறை, கண்காப்புக் கண்ணாடி
* தாள் துண்டுகள், சோப்பு, ஓடும் நீர்
* ஒட்டுச் சீட்டும் அழியா மையும்
* பூட்டத்தக்க பெட்டி

சமையலறைப் பாத்திரங்கள், கரண்டிகள், மருந்து அளக்கும் மூடிகள் ஆகியவற்றைப் பயன்படுத்திப் பின்னர் கழுவி வைத்துக்கொள்வது தவறு. கலப்பதற்கான கருவிகள் அதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். குடிநீர்ப் போத்தல், கண்மருந்துக் குப்பி போன்ற வேறு பொருளை நினைவூட்டும் குப்பிகளில் நீர்மத்தைச் சேமிப்பது மிகவும் ஆபத்தானது.

## கணக்கீடு

நீர்த்தலின் அடிப்படை விதி எளியது. கலக்கும் முன்பும் பின்பும் நிக்கோட்டீனின் மொத்த நிறை மாறாது. ஆகவே,

தொடக்கச் செறிவு × எடுக்கும் கொள்ளளவு = விரும்பும் செறிவு × இறுதிக் கொள்ளளவு

எடுத்துக்காட்டாக, மில்லிலீட்டருக்கு 3 மி.கி. நிக்கோட்டீன் கொண்ட 60 மி.லி. நீர்மத்தை, 70% கிளிசரால், 30% புரோப்பிலீன் கிளைக்கால் விகிதத்தில், 10% மணச்சுவையுடன் தயாரிப்பதாகக் கொள்வோம். கையிலுள்ள நிக்கோட்டீன் கரைசல் மில்லிலீட்டருக்கு 18 மி.கி. செறிவுடையது, இரு கரைப்பான்களும் சம அளவில் கலந்தது.

1. தேவைப்படும் நிக்கோட்டீன்: 60 × 3 = 180 மி.கி. அதற்குரிய கரைசல்: 180 ÷ 18 = 10 மி.லி. இதில் 5 மி.லி. புரோப்பிலீன் கிளைக்கால், 5 மி.லி. கிளிசரால்.
2. மணச்சுவை: 60 இல் 10% = 6 மி.லி. இது முழுதும் புரோப்பிலீன் கிளைக்கால் எனக் கொள்ளப்படும்.
3. புரோப்பிலீன் கிளைக்கால்: 60 இல் 30% = 18 மி.லி. இதில் முன்பே வந்துவிட்ட 5, 6 ஆகியவற்றைக் கழிக்க, சேர்க்க வேண்டியது 7 மி.லி.
4. கிளிசரால்: 60 இல் 70% = 42 மி.லி. இதில் 5 ஐக் கழிக்க, சேர்க்க வேண்டியது 37 மி.லி.

சரிபார்ப்பு: 10 + 6 + 7 + 37 = 60.

கிளிசரால் சிரிஞ்சில் ஒட்டிக்கொள்வதால் கொள்ளளவால் அளப்பதைவிட நிறையால் அளப்பது எளிது. கொள்ளளவை அடர்த்தியால் பெருக்க நிறை கிடைக்கும்.

| கூறு | கொள்ளளவு (மி.லி.) | அடர்த்தி (கிராம்/மி.லி.) | நிறை (கிராம்) |
|---|---|---|---|
| நிக்கோட்டீன் கரைசல் | 10 | 1.149 | 11.49 |
| மணச்சுவைச் செறிவு | 6 | 1.04 (ஏறத்தாழ) | 6.24 |
| புரோப்பிலீன் கிளைக்கால் | 7 | 1.036 | 7.25 |
| கிளிசரால் | 37 | 1.261 | 46.66 |
| மொத்தம் | 60 | | 71.64 |

### கணக்கில் நேரும் பிழைகள்

சுவையில் ஏற்படும் பிழை நீர்மத்தைக் கெடுக்கும். நிக்கோட்டீனில் ஏற்படும் பிழை மனிதரைக் கெடுக்கும். அடிக்கடி நேரக்கூடிய மூன்று பிழைகள் பின்வருமாறு:

* விழுக்காட்டுக் குழப்பம். நிக்கோட்டீன் செறிவு சில குப்பிகளில் விழுக்காடாகவும், சிலவற்றில் மில்லிலீட்டருக்கு மில்லிகிராமாகவும் எழுதப்படுகிறது. 1.8% என்பது மில்லிலீட்டருக்கு 18 மி.கி. ஆகும், 1.8 மி.கி. அன்று. இங்குத் தவறினால் விடை பத்து மடங்கு மாறும்.
* வேறு செறிவுள்ள குப்பி. மேற்கண்ட கணக்கில் 18 மி.கி. குப்பிக்கு மாற்றாக 72 மி.கி. குப்பியிலிருந்து 10 மி.லி. ஊற்றினால், இறுதிச் செறிவு மில்லிலீட்டருக்கு 12 மி.கி. ஆகிவிடும். குப்பியின் சீட்டை ஒவ்வொரு முறையும் படிப்பதைத் தவிர இதற்கு வேறு காப்பு இல்லை.
* கருவியைக் கருதாமை. ஆற்றல் மிகுந்த கருவி ஓர் இழுப்பில் மிகுதியான ஆவியைத் தரும். சிறு கருவிக்கு ஏற்ற 18 மி.கி. நீர்மத்தை அதில் ஊற்றினால் குமட்டலும் தலைச்சுற்றலும் ஏற்படலாம்.

இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் இக்கணக்குகளைச் செய்து தருகின்றன. எனினும் உள்ளிடும் எண் பிழையாக இருப்பின் விடையும் பிழையாகவே இருக்கும். எனவே கையாலும் ஒருமுறை கணக்கிட்டு ஒப்பிடுவது நன்று.

## கலக்கும் முறை

1. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உணவு உண்ணும் மேசையைத் தவிர்க்க வேண்டும். கலக்கும்போது எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது.
2. செய்முறை அளவுகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.
3. கையுறையும் கண்காப்பும் அணிய வேண்டும்.
4. காலிக் குப்பியைத் தராசில் வைத்துச் சுழியாக்க வேண்டும்.
5. மணச்சுவைச் செறிவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மிகுந்துவிட்ட சுவையைத் திரும்ப எடுக்க இயலாது.
6. மீண்டும் சுழியாக்கி நிக்கோட்டீன் கரைசலைச் சேர்த்து, உடனே அதன் குப்பியை மூடி அப்புறப்படுத்த வேண்டும்.
7. இவ்வாறே புரோப்பிலீன் கிளைக்காலையும், இறுதியாகக் கிளிசராலையும் சேர்க்க வேண்டும்.
8. மூடியை இறுக்கி ஒரிரு நிமிடங்கள் நன்றாகக் குலுக்க வேண்டும். கிளிசரால் தனியே அடியில் தங்கினால் நிக்கோட்டீன் சீராகப் பரவாது.
9. சீட்டில் சுவையின் பெயர், நிக்கோட்டீன் செறிவு, கரைப்பான் விகிதம், கலந்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும்.
10. சிந்தியதைத் துடைத்து, கருவிகளைக் கழுவி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். துடைத்த தாளைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு அகற்ற வேண்டும்.

முதன்முறை கலப்பவர்கள் நிக்கோட்டீன் சேர்க்காமல் சிறு அளவில் (10 மி.லி.) செய்து பார்ப்பது பொருத்தமானது. அளக்கும் பழக்கம் கைவந்தபின் நிக்கோட்டீனைக் கையாளலாம்.

## முதிரவிடல்

கலந்த நீர்மத்தைச் சில நாட்கள் இருளான இடத்தில் வைத்திருப்பது முதிரவிடல் எனப்படும். பழச்சுவைகள் ஓரிரு நாட்களில் பயன்படுத்தத்தக்கவை என்றும், வனிலா, பாலாடை, புகையிலைச் சுவைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் தேவை என்றும் கலப்போர் கூறுவர். இது பெரிதும் சுவையுணர்வு சார்ந்த கருத்தாகும்.

இதில் வேதியியலும் உண்டு. வனிலின், பென்சால்டிகைடு போன்ற மணப்பொருட்கள் புரோப்பிலீன் கிளைக்காலுடன் அறை வெப்பநிலையிலேயே மெல்ல வினைபுரிந்து அசிட்டால்கள் என்னும் புதிய சேர்மங்களைத் தருகின்றன. அதாவது கலந்த நாளன்று குப்பியில் இருந்தவையும் ஒரு மாதத்துக்குப் பின் இருப்பவையும் ஒன்றல்ல. இச்சேர்மங்களும் ஆவியுடன் சேர்ந்து உள்ளிழுக்கப்படுகின்றன.

நீர்மம் நாளடைவில் பழுப்பாவது நிக்கோட்டீனின் ஆக்சிசனேற்றத்தாலும், வனிலின் போன்ற பொருட்களாலும் ஆகும். வெப்பமும் ஒளியும் இதை விரைவுபடுத்தும். ஆகவே நிக்கோட்டீன் கரைசலைக் குளிர்ந்த, இருளான இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். உணவு வைக்கும் குளிர்பதனப் பெட்டியில் பூட்டின்றி வைத்தல் கூடாது.

## நிக்கோட்டீன் நச்சுமை

நிக்கோட்டீன் நரம்புகளிலும் தசைகளிலும் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தூண்டுகிறது; மிகுந்த அளவில் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. தொடக்க அறிகுறிகள் குமட்டல், வாந்தி, உமிழ்நீர்ப் பெருக்கு, வியர்வை, வெளிறுதல், தலைச்சுற்றல் ஆகியன. கடுமையான நிலையில் வலிப்பு, இதயத் துடிப்பு தாழ்தல், மூச்சுத் தசைகளின் வாதம் ஆகியவை ஏற்பட்டு இறப்பு நேரலாம். இதற்கெனத் தனியான மாற்றுமருந்து இல்லை.

வளர்ந்தவருக்கு 30 முதல் 60 மி.கி. வரை உயிர்போக்கும் என்று பாடநூல்கள் நெடுங்காலம் குறிப்பிட்டன. இம்மதிப்பு 19 ஆம் நூற்றாண்டின் ஐயத்துக்குரிய சோதனைகளிலிருந்து வந்தது என்றும், உண்மை அளவு 500 மி.கி. அல்லது அதற்கு மேல் இருக்கலாம் என்றும் ஆத்திரியாவின் கிராசு பல்கலைக்கழக ஆய்வாளர் பெர்ன்டு மாயர் 2014 இல் வாதிட்டார். இம்மதிப்பை ஏற்றாலும் ஆபத்து நீங்கவில்லை. மில்லிலீட்டருக்கு 100 மி.கி. செறிவுள்ள கரைசலில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., 500 மி.கி. நிக்கோட்டீனைக் கொண்டது. குழந்தைகளுக்கு இதனினும் மிகக் குறைந்த அளவே போதும். 2014 திசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை நிக்கோட்டீன் நீர்மத்தை விழுங்கி இறந்தது. அமெரிக்காவில் இத்தகைய குப்பிகளுக்குக் குழந்தைகள் திறக்க இயலாத மூடியைக் கட்டாயமாக்கும் நடுவண் சட்டம் 2016 சனவரியில் கையெழுத்தானது.

முதலுதவி. தோலில் பட்டால், நனைந்த உடையை உடனே களைந்து, தோலைச் சோப்பும் ஏராளமான நீரும் கொண்டு கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் பல நிமிடங்கள் கழுவி மருத்துவரை நாட வேண்டும். விழுங்கியிருந்தால் வலிந்து வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனடியாக அவசர மருத்துவ உதவியை அழைத்து, குப்பியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். குழந்தை விழுங்கியதாக ஐயம் இருந்தாலே போதும்; அறிகுறிக்காகக் காத்திருத்தல் கூடாது.

## உள்ளிழுப்பதன் தீங்குகள்

உணவில் பாதுகாப்பானது என ஏற்கப்பட்ட பொருள் மூச்சிலும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. விழுங்கப்படும் பொருள் செரிமான மண்டலத்தையும் கல்லீரலையும் கடந்தே குருதியில் பரவுகிறது. உள்ளிழுக்கப்படும் பொருள் நுரையீரலின் மென்திசுக்களை நேரடியாகத் தொடுகிறது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும். உணவில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டுவரும் இப்பொருளின் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்த அமெரிக்காவின் மிசௌரி மாநிலச் சோளப்பொரித் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம், நுண்மூச்சுக்குழல்கள் மீளமுடியாதவாறு அடைபடும் நோய் 2000 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இதற்கு மாற்றாகப் பயன்பட்ட அசிட்டைல் புரோப்பியோனைலும் ஒத்த தீங்கு உடையது. கலப்பவர்கள் இவ்விரண்டும் இல்லை என உற்பத்தியாளர் சோதனை அறிக்கையுடன் உறுதி செய்த செறிவுகளையே வாங்க வேண்டும்.

கரைப்பான்களும் மிகையாகச் சூடேறும்போது ஃபார்மால்டிகைடு, அசிட்டால்டிகைடு, அக்ரோலின் ஆகியவற்றைத் தருகின்றன. காய்ந்த திரியில் இழுக்கும்போது வரும் கருகிய சுவை இவற்றின் அறிகுறியாகும்.

2019 இல் ஐக்கிய அமெரிக்காவில் மின்னணு சிகரெட் தொடர்பான கடும் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பெப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இவர்களுள் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலானோர் கஞ்சாவின் போதைச் சேர்மம் அடங்கிய, முறைசாரா வழிகளில் பெற்ற குப்பிகளைப் பயன்படுத்தியிருந்தனர். அவற்றைக் கெட்டியாகக் காட்டச் சேர்க்கப்பட்ட உயிர்ச்சத்து ஈ அசிட்டேட்டு என்னும் எண்ணெய்ப்பொருள் இதனுடன் வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. தோலுக்குப் பூசவும் உட்கொள்ளவும் பயன்படும் ஒரு பொருளே இங்கு நுரையீரலைக் கெடுத்தது.

மின்னணு சிகரெட்டு புகைப்பதைவிட ஏறத்தாழ 95% தீங்கு குறைந்தது என்று இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பு 2015 இல் கூறியது. இதன் அடிப்படை வலுவற்றது என லான்செட் மருத்துவ இதழ் அதே ஆண்டில் விமர்சித்தது. நிக்கோட்டீன் பட்டை, மெல்லும் கோந்து ஆகியவற்றைவிட நிக்கோட்டீன் உள்ள மின்னணு சிகரெட்டுகள் புகைப்பழக்கத்தைக் கைவிட உதவுகின்றன என 2022 இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு முடிவு கூறியது. ஆனால் ஐக்கிய இராச்சியத்தில் விற்கப்படும் நிக்கோட்டீன் நீர்மங்களுக்கு உட்கூறுகளையும் வெளிவிடும் பொருட்களையும் பற்றிய விவரங்களை உற்பத்தியாளர் அரசுக்கு அளிக்க வேண்டும். வீட்டில் கலந்த நீர்மத்துக்கு இத்தகைய சோதனை எதுவும் இல்லை. புகைக்காதவர்களுக்கு இதனால் நன்மை ஏதுமில்லை. நிக்கோட்டீனுக்கு அடிமையாகும் ஆபத்து மட்டுமே உண்டு.

## சட்டநிலை

* ஐக்கிய இராச்சியம். சொந்தப் பயன்பாட்டுக்குக் கலத்தல் தடை செய்யப்படவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நிக்கோட்டீன் நீர்மத்தை விற்பது குற்றமாகும். கலந்ததைப் பிறருக்கு விற்போர் உற்பத்தியாளருக்குரிய விதிகள் அனைத்துக்கும் உட்படுவர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளின் விற்பனை 2025 சூன் 1 முதல் தடை செய்யப்பட்டது.
* ஐக்கிய அமெரிக்கா. 2016 ஆகத்து முதல் நீர்மங்கள் உணவு, மருந்து நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. விற்பனைக்கான குறைந்தபட்ச வயது 2019 திசம்பரில் 21 ஆக உயர்த்தப்பட்டது. 2022 முதல் செயற்கை நிக்கோட்டீனும் இக்கட்டுப்பாட்டுக்குள் வந்தது.
* இந்தியா. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும் பின்னர் அதே ஆண்டில் நாடாளுமன்றச் சட்டமாகவும் தடை கொண்டுவரப்பட்டது. மின்னணு சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, பகிர்வு, சேமிப்பு, விளம்பரம் ஆகியன குற்றங்களாகும். நிக்கோட்டீன் இல்லாத நீர்மத்தை ஆவியாக்கும் கருவிகளும் இதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சேமிப்புக் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ 50,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.
* சிங்கப்பூர். 2018 பெப்ரவரி முதல் மின்னணு சிகரெட்டுகளை வாங்குதல், வைத்திருத்தல், பயன்படுத்தல் ஆகியவையும் குற்றங்களாகும். 2025 செப்டம்பரில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

ஒரு நாட்டில் சட்டப்படி வாங்கிய நீர்மமும் கருவியும் மற்றொரு நாட்டின் விமான நிலையத்தில் குற்றப்பொருளாகலாம் என்பது பயணம் செய்வோர் கவனிக்கத்தக்கது.

## இவற்றையும் பார்க்க

* மின்னணு சிகரெட்
* நிக்கோட்டீன்
* புரோப்பிலீன் கிளைக்கால்
* கிளிசரால்
* டைஅசிட்டைல்
* புகைப்பதைக் கைவிடல்